வீங்கின ஹாத்தி

"இடது பக்கம், தும்! பொறந்த எல்லா மனுசனுக்கும் நெஞ்சு இடது பக்கம்தான்—"

"டாக்டரு வலதுன்னா வலது. மெசினு வெச்சுப் பாத்தவரு அவரு, நீங்களா—"

"மெசினைத் திருப்பி வெச்சுப் பாத்திருப்பான். எனக்கு எதுர்ல உக்காந்திருந்தான்ல? அவனுக்கு வலதுன்னா எனக்கு இடது. இது கூடப் புரியாம—"

"எதுர்ல எங்க உக்காந்தாரு? பக்கத்துலல்ல உக்காந்தாரு! உங்க செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நான் அங்கயே நின்னேன், அபே. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கிடந்தது நீங்க."

"குளிருச்சு. நெஞ்சுல அந்தக் கூழைத் தடவினா யாரா இருந்தாலும் கண்ணை மூடுவான்."

கோத்தா பாரு பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த வேன் இருவரையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இவர்கள் இன்னும் படியேறவில்லை. அவர்கள் வாசலுக்கும் என் அடுப்படிக்கும் நடுவே நாலு வாழை மரம், அவ்வளவுதான். ரயில்வே வேலையாக என்னை இங்கே கூட்டிவந்த என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும், நான் ஊர் திரும்பாமல் இருந்ததற்கு இந்த வீட்டுச் சத்தமும் ஒரு காரணம்.

அவர் பெயர் டெராமான். ஊருக்குப் பொக் மான், பெண்டாட்டி மெக் தும்முக்கு அபே. பெண்களெல்லாம் இங்கே மெக், நானும்தான். புடு காய்ச்சுகிறவர். நெத்திலியையும் உப்பையும் தாழியில் போட்டு மூடி, மாதக்கணக்கில் வெயிலில் ஊறவிட்டு, வடிகிற கருஞ்சாற்றைக் காய்ச்சிப் புட்டியில் அடைப்பார்கள். கிளந்தானில் அது இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. கடற்கரையோரம் அவர் கொல்லை முழுக்கத் தாழிகள். நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு தாழியைக் கிளறிக்கொண்டிருந்தவர் துடுப்பை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். "காத்து புகுந்திருச்சு" என்றார். இங்கே பல்வலிக்குக்கூடக் காற்றுதான் காரணம். மெக் தும் தைலம் தேய்த்து நீவிவிட்டாள். முதுகு சிவந்தது. உதடு நீலமாயிற்று. அப்புறம்தான் ஆம்புலன்ஸ். பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு நெஞ்சுக் குழாயைத் திறந்து பிழைக்க வைத்தார்கள். இன்று போனது அதற்குப் பிறகான சோதனைக்கு.

சண்டை ஒரு மூச்சு ஓய்ந்ததும் மெக் தும் என் அடுப்படிக்கு வந்து, வாசற்காலில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன தும், டாக்டர் என்ன சொன்னாரு?"

அவளிடம் எதைக் கேட்டாலும் சொல்லமாட்டாள், நடித்துத்தான் காட்டுவாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்கிற பாவனையில் டாக்டர் தியோவாகவே மாறினாள். அவருக்கு இவள் மாக்சிக், பொக் மான் பாக்சிக்; நாம் அத்தை, மாமா என்கிற மாதிரி.

"'மாக்சிக், எல்லாரும் இடது பக்கத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. பாக்சிக்கோட இடது பக்கம் நல்லாத்தான் வேலை செய்யுது. இவருக்கு அடி விழுந்தது வலப்பக்க அறையில. உடம்பெல்லாம் சுத்திட்டுத் திரும்பி வர்ற ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுற அறை அது. இப்ப களைச்சுக் கிடக்கு. நிறையப் பேருக்கு அது தேறிரும். தேறினா பாக்சிக் எனக்கே கல்யாணம் பண்ணி வெப்பாரு. தேறலைன்னா...'"

"தேறலைன்னா?"

"அங்க நிறுத்திட்டு எழுத ஆரம்பிச்சுட்டாரு, மெக்."

"நீ கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லிருவாரே!"

பிறகு அவள் வாழை மரப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் சொன்னாரு. வலது விலாவுக்குக் கீழ கையை வெச்சு ஒரு அமுக்கு. இவரு துள்ளிட்டாரு. 'ஹாத்தி வீங்கியிருக்கு மாக்சிக். போக வழியில்லாம உள்ளயே தேங்கி நிக்குது. மெல்ல மெல்ல வடியணும்'னாரு."

இந்த ஊர்ப் பேச்சில் நெஞ்சுக்கு ஜந்துங் என்று தனிச் சொல் இருக்கிறது. ஹாத்தி என்றால் ஈரல். நாம் ஈரக்குலை நடுங்குது என்று சொல்லுகிற மாதிரி இவர்கள் ஆசை, கோபம், வன்மம் எல்லாவற்றையும் ஹாத்தியில்தான் குடிவைப்பார்கள். கடையில் எடை போட்டு வாங்குகிற கோழி ஈரலும் ஹாத்திதான், ஒருவர் மேல் ஒருவர் ஆறாமல் வைத்திருக்கிற மனக்கசப்பும் ஹாத்திதான்.

"ஈரலைச் சொல்லியிருப்பாரு, தும்."

"நெஞ்சு டாக்டரு ஈரலை எதுக்கு அமுக்கறாரு? ஈரலுக்கு வேற டாக்டரு. வேற மாடி."

நான் அடுப்பைத் தணித்தேன். அவள் விடவில்லை.

"உள்ளயே தேங்கி நிக்குதாம்! எது தேங்கி நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியாதா? அந்தப் புள்ள, நேத்துப் படிச்சு வந்த டாக்டரு, கையை வெச்சதும் கண்டுபிடிச்சுட்டான் பாரு."

தேங்கி நின்றதன் பெயர் செனிக். பொக் மானின் அண்ணன். வீட்டுக்கு மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் பொக் லோங். பெண்டாட்டியை இழந்தவர். அவருக்கும் புடுத் தாழிகள்தான், வேலிக்கு அந்தப் பக்கம். ஒரு கல்யாணப் பந்தியில் தம்பி வீட்டுப் புடுவில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுக் கெணத்துத் தண்ணி?" என்று கேட்டுவிட்டார். பந்தியே சிரித்தது. அன்று அறுந்த பேச்சு. அதற்காக இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்றில்லை. மேற்கே மேகம் கட்டினால் பொக் லோங் தன் சேவலிடம், "அந்தப் பக்கத்து ஆளு தாழிய மூடலை, மழை வந்தா எல்லாம் போச்சு" என்பார். வேலிக்கு இந்தப் பக்கம் பொக் மான் தன் பூனையிடம், "எங்களுக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு" என்பார். சொல்லிக்கொண்டே ஓடிப்போய் மூடுவார்.

மறுநாள் காலையில் மெக் தும் வேலியோரம் போய் நின்றாள். நான் கீரை கிள்ளுகிற சாக்கில் என் பக்கத்தில் நின்றேன்.

"பொக் லோங், ஒரு வார்த்தை."

"சேவலுக்குத் தீனி போட்டுக்கிட்டிருக்கேன்."

"உங்க தம்பிக்கு ஹாத்தி வீங்கியிருக்காம். பெரிய டாக்டரு சொன்னாரு."

தீனி போட்ட கை நின்றது. "யாரால?"

"யாராலன்னு அவரு சொல்லலை. நீங்களே சொல்லுங்க."

"ஸ்கேன்ல என் பேரா தெரிஞ்சுது?"

"பேரு எதுக்கு? கைய வெச்சு அமுக்கினதும் தெரிஞ்சுருச்சு."

"எவ்வளவு பெருசு?"

மெக் தும் இரண்டு கைகளையும் விரித்து ஒரு பலாக்காய் அளவு காட்டினாள். டாக்டர் அப்படியெல்லாம் காட்டியிருக்கமாட்டார்.

பொக் லோங்குக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. பயம் பாதி. மீதிப் பாதியில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்றே எனக்குப் பட்டது. "நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், தும்."

"அந்த ஒரு வார்த்தைதான் இப்பப் பலாக்காய் ஆயிருக்கு."

"அது கெணத்துத் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு."

"பொக் லோங்!"

"சரி, சரி. வர்றேன். வெறுங்கையோட வரமாட்டேன்."

வெறுங்கையோடு வரவும் முடியாது. புடு காய்ச்சுகிறவர்கள் வாயால் மன்னிப்புக் கேட்பதில்லை. தன் தாழியில் முதலில் வடிந்த சாற்றை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் எதிராளி முன்னால் வைப்பார்கள். அவன் சோற்றோடு அதை மிச்சமில்லாமல் வழித்துத் தின்றால் சண்டை முடிந்தது. கிண்ணத்தில் துளி மிச்சம் இருந்தாலும் சண்டையும் மிச்சம்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பொக் லோங் வந்தார். கிண்ணத்தைத் துணி போட்டு மூடி, இரண்டு கையாலும் ஏந்தி, யாரையும் பார்க்காமல் பாயில் உட்கார்ந்தார். சுட்ட கானாங்கெளுத்தி, பச்சைக் காராமணி, மாம்பிஞ்சு, சோறு. வீட்டுச் சமையலில் மெக் தும் ஒரு கல் உப்புப் போடவில்லை. உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. மீன் ஈரத்துணி மாதிரி இருந்தது என்று நான் சாப்பிட்டுப் பார்த்தே சொல்கிறேன்.

பொக் மான் கிண்ணத்தைப் பார்த்தார். பூனையைப் பார்த்து, "இது எந்தத் தாழின்னு கேளு" என்றார்.

"தென்ன மரத்தடித் தாழின்னு சொல்லு," என்றார் பொக் லோங், அதே பூனையிடம்.

"அந்தத் தாழியத் திறக்க இன்னும் நாளிருக்குன்னு சொல்லு."

"நாளிருக்குன்னு எனக்கும் தெரியும். யாருக்காகத் திறந்தேன்னு கேளு."

பூனை எழுந்து மீன் பக்கம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பொக் மான் மிளகாயும் எலுமிச்சையும் பிழிந்து, சோற்றைக் குழைத்து அடித்தார். கிண்ணத்தைச் சுண்டுவிரலால் வழித்தார். வழித்த விரலையும் விடவில்லை.

"எப்படி?"

"உப்பு ஒரு பொட்டு கம்மி, லோங்."

"அப்படியா?" பொக் லோங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிளகாய் காரம்" என்றார். அவர் மிளகாயைத் தொடவே இல்லை.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. காலையிலேயே பொக் லோங் வந்துவிடுவார். பேசாமல் விட்ட வருடங்களின் பேச்சையெல்லாம் வட்டியோடு பேசினார்கள். எந்தப் படகுக்காரன் ஏமாற்றினான், யார் மகளை யார் கட்டினான், காத்தாடிப் போட்டியில் யாருடைய நூல் அறுந்தது. மதியம் ஆனால் கிண்ணம். இன்று மேலைத் தாழி, நாளை மூலைத் தாழி. ஒவ்வொன்றையும் வழித்துத் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் பழைய சண்டையில் அந்தளவு பாக்கி என்று ஆகிவிடும். மெக் தும் சந்தோஷமாகப் பரிமாறினாள். தன் சமையலில் மட்டும் உப்பைக் கண்ணிலும் காட்டவில்லை.

பொக் மானுக்குக் கால் வீங்கிற்று. முதலில் செருப்பு நுழையவில்லை. பிறகு சாரோங் முடிச்சு இடுப்பில் நிற்கவில்லை. கழுத்தில் ஒரு நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

"தும், எனக்கு இது நல்லதாப் படலை," என்றேன். "டாக்டர்கிட்டக் காட்டு."

"எறங்குது, மெக்."

"எது?"

"ஹாத்தியில இருந்தது. டாக்டரு வடியணும்னாருல்ல? வடிஞ்சு காலுக்கு வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் போனா வெளிய போயிரும்."

பொக் லோங்கும் தலையாட்டினார். "எத்தனை வருசத்துக் கசப்பு! ஒரு நாள்ல வடிஞ்சுருமா? எனக்குக்கூட முழங்கால்ல லேசா வீக்கம் இருக்கு."

"லோங்," என்றார் பொக் மான், மூச்சை இழுத்துக்கொண்டு, "உனக்கு அது வயசு."

அவர் சிரித்தார். சிரிப்பை முடிக்க அவரிடம் மூச்சு இல்லை. படுத்தால் இறைக்கிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். தூங்கிய முகத்தில் வீக்கம் தெரிந்தது. மெக் தும் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, யாரும் கேட்காமல் என்னிடம் சொன்னாள்: "தேறலைன்னா என்னன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே கிளினிக்குக்குப் போய் அங்கே நர்ஸாக இருக்கிற மிஸி ஜாவியாவைக் கூட்டிவந்தேன். மிஸி பாயில் குத்துக்காலிட்டு, பொக் மானின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மாவில் அமுக்கின மாதிரி. எல்லோரும் அந்தக் குழி நிரம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு சாப்பிடுறாரா?"

"உப்பா? எங்க வீட்டுல உப்பு ஜாடியே இல்ல, மிஸி. அடுப்படியில வந்து பாருங்க."

மிஸி அடுப்படிக்குப் போகவில்லை. பாயோரத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தாள். "இது?"

"அது உப்பில்ல, மிஸி," என்றாள் மெக் தும். "அது பொக் லோங்."

மிஸி ஜாவியா நல்ல மாதிரி. சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள். கேட்கக் கேட்கச் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

"மெக் தும், டாக்டர் சொன்னது இந்த ஹாத்தி." தன் வலது விலாவைத் தட்டிக் காட்டினாள். "கோழி ஹாத்தி, ஆட்டு ஹாத்தி, அந்த ஹாத்தி. நெஞ்சோட வலது பக்கம் தள்ளலைன்னா வர்ற ரத்தம் எங்க போகும்? பின்னாடியே தேங்கும். ஈரல்ல தேங்கும், வயித்துல தேங்கும், கால்ல தேங்கும். உப்பு தண்ணியப் பிடிச்சு வெக்கும். தேங்கினதை எறக்கத்தான் மாத்திரை குடுத்தாங்க. நீங்க இந்தப் பக்கம் மாத்திரை, அந்தப் பக்கம் ஒரு கிண்ணம் கடலு."

"அப்ப... மனக்கசப்பு?"

"அதுக்கு ஸ்கேன் இல்லை."

மெக் தும் விசிறியைக் கீழே வைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ சுவர்ப் பக்கம் திரும்பி, "இந்த பாஷையில வார்த்தைக்கா பஞ்சம்? ஈரலுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு வெச்சா என்ன?" என்று யாரையோ திட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

அன்றே ஆம்புலன்ஸ் வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுப் போட்டு நீரை இறக்கினார்கள். பொக் மான் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே இளைத்தார். பார்க்கப் போனபோது, பக்கத்துக் கட்டில்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "ஆத்து வாயை மணல் மூடிட்டா மழைத்தண்ணி என்ன பண்ணும்? திரும்பி ஊருக்குள்ள வரும். என் நெஞ்சோட வலது பக்கம்தான் ஆத்து வாய். இடது பக்கத்தை நம்பி மோசம் போயிராதீங்க." மெசினைத் திருப்பி வைத்துப் பார்த்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டாக்டர் தியோ வாசலில் மெக் தும்மையும் பொக் லோங்கையும் ஒன்றாக நிறுத்தி வைத்துச் சொன்னார்: "இதே மாதிரி இன்னொரு தடவை வந்தா அந்த வலது பக்கம் தாங்காது. இனிமே விரல் நுனி புடு கூடக் கூடாது."

இந்த முறை மெக் தும் கேட்டாள். "தாங்கலைன்னா?"

அவரும் இந்த முறை சொன்னார். திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் இங்கே கடல் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இரையும். படகு இறங்காது. தாழிகளை மூடிவிட்டு ஆட்கள் வலை பின்னுவார்கள். பொக் மான் வீடு திரும்பிக் கஞ்சியும் மாத்திரையுமாக இருந்தார். பொக் லோங்கை மட்டும் காணோம்.

"ஏன் வரலை?" என்று வேலியோரம் குடை பிடித்து நின்று கேட்டேன்.

"எதைக் கொண்டுட்டு வர்றது?"

"சும்மா வாங்க."

"சும்மாவா? நான் என்ன வட்டிக்காரனா, சும்மா வந்து உக்கார?" வேலியில் சாய்ந்துகொண்டார். "மெக், அவனைக் கொன்னுட்டேன்ல நான்? கிண்ணம் கிண்ணமா."

"கொல்லலை. அதான் கஞ்சி வேணாம்னு கத்துறாரே, கேக்கலையா?"

"கேக்குது," என்றார். "ராப்பகலாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்கு இரண்டு நாள் கழித்து நாற்றம் ஆரம்பித்தது.

புடுவுக்கு ஒரு வாடை உண்டு. எங்களுக்கு அது வாடையே இல்லை. இது வேறு. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் ஈரச்சாக்கை அறைந்த மாதிரி வந்தது. எலி செத்திருக்கும் என்று ஓடெல்லாம் பார்த்தோம். பள்ளிவாசல் இமாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வீடு வீடாக விசாரித்து வந்தார். கடைசியில் பொக் லோங்கின் கொல்லைக்குப் போய் நின்றார்.

"செனிக், அந்தத் தாழியில என்ன?"

"புடு."

"இதுவா புடு?"

"உப்பில்லாத புடு," என்றார் பொக் லோங். "ஐசுப்பெட்டி நெத்திலி, புளி, பனவெல்லம். உப்பு மட்டும் போடலை."

"உப்புப் போடலைன்னா மீனு அழுகும்ல?"

"உங்களுக்குப் புடு காச்சத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

இமாம் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேகமாக வெளியே வந்தார். எல்லாத் தாழியிலும் கண்ணை மூடிக்கொண்டு உப்புக் கணக்குச் சொல்கிற மனிதர் பொக் லோங். அழுகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான், தினமும் மழையில் நனைந்துகொண்டே கிளறினார். புளியைக் கூட்டினார். அன்னாசியைத் தட்டிப் போட்டார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வடித்தார்.

மழை ஓய்ந்து அடுத்த ஸ்கேனுக்குப் போனார்கள். மெக் தும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாளாம். பொக் மான் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாராம். டாக்டர் தியோ வலது பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"தள்ளுதுன்னாரு, மெக்!" வேனிலிருந்து இறங்கும்போதே கத்தினாள். "வலது பக்கம் தேறி வருதாம்! 'இது இப்படியே போனா பாக்சிக் ரொம்ப நாளைக்கு இருப்பாரு'ன்னாரு. ஈரலும் சுருங்கிருச்சாம். ரெண்டு ஹாத்தியும் இப்ப சரியா இருக்கு!"

"உப்பு?"

"ஆயுசுக்கும் கெடையாது," என்றார் பொக் மான், பின்னால் மெதுவாக இறங்கிக்கொண்டே. கால் செருப்புக்குள் இருந்தது.

செய்தி வேலியைத் தாண்ட எவ்வளவு நேரம்? அவர்கள் பாயை விரிப்பதற்குள் பொக் லோங் வந்துவிட்டார். புதுச் சாரோங், தலையில் வெள்ளைத் தொப்பி, இரண்டு கையாலும் ஏந்திய, துணி மூடிய கிண்ணம். அவருக்கு முன்னால் அந்த வாடை வந்து உட்கார்ந்தது. பூனை எழுந்து ஜன்னல் வழியாகக் குதித்துப் போய்விட்டது. மெக் தும் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். நான் வாயால் மூச்சு விட்டேன்.

பொக் லோங் கிண்ணத்தைத் தம்பியின் முன் வைத்து, துணியை எடுத்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. மேலே ஒரு குமிழ் எழும்பி, யோசித்து, உடைந்தது.

"ஒரு கல் உப்பு கெடையாது, மான். ஊரு பூரா சிரிச்சுது. சிரிக்கட்டும். உனக்குன்னு தனித் தாழி. இனிமே தெனமும் கொண்டு வருவேன்."

பொக் மான் கிண்ணத்தைப் பார்த்தார். மழையில் ஊறி வெளுத்துப்போன அண்ணனின் விரல்களைப் பார்த்தார். வழித்துத் தீர்க்க வேண்டிய கிண்ணத்தை மறுபடியும் பார்த்தார். அப்புறம் மிகவும் பிரியமாக, மெதுவாகச் சொன்னார்.

"லோங், இத்தனை வருசம் பேசாம நாம நல்லாத்தானே இருந்தோம்?"